சாவி என்றால் அங்கேயும் சாவிதான்

நவம்பர் 7, லிஸ்பன், மழை

வந்த அன்றே வழுக்கி விழுந்தேன். லிஸ்பன் நடைபாதைகள் சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களைக் கையால் பதித்துச் செய்தவை. படத்தில் பார்க்க அழகு. மழை பெய்துவிட்டால் எண்ணெய் தடவிய அம்மிக்கல். தூத்துக்குடியின் சமதரையில் ஐம்பத்தெட்டு வருடம் நடந்த கால்களுக்கு இந்த ஊரின் மேடும் பள்ளமும் பிடிபடவில்லை. முழங்காலில் சிராய்ப்பு, புடவையில் சேறு. எதிரே வந்த ஒரு பெரியவர் குடையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் என்னைத் தூக்கி நிறுத்தினார். உடனே போய்விடவும் இல்லை. நான் நாலு எட்டு நடந்து காட்டும்வரை நனைந்துகொண்டே நின்றார்.

அண்ணன் மகள் இங்கே வந்து ஐந்து வருடம் ஆகிறது. கணினி வேலை. வீடு அல்ஃபாமா மேட்டில் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அண்ணன் என்னை அனுப்பியது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. பையனும் இதே ஊரில் வேலை பார்த்தவன்தான். "அவன் சரியில்லை" என்ற ஒரே வார்த்தையில் எங்கள் குடும்பம் அந்தக் கதையை மூடிவிட்டது. இப்போது அண்ணனிடம் இன்னொரு வரன் இருக்கிறது. "நீ பக்குவமாகப் பேசுவாய்" என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். (இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "பெயர் மட்டும் போடாதீர்கள் அத்தை" என்றாள். போடவில்லை.)

இரவு 'கால்டோ வெர்டே' என்று ஒரு சூப் வைத்தாள். உருளைக்கிழங்கை வேகவைத்துக் கரைத்து, ஒரு வகைக் கோசு இலையைத் தலைமுடி போல மெல்லியதாக அரிந்து போட்டு, மேலே ஒரு வட்டம் பன்றித் தொத்திறைச்சி. மழைக்கு இதமாக இருந்தது. எதிர்வீட்டு ரேடியோவில் ஒரு பெண் குரல் இழுத்து இழுத்து அழுதது.

"யார் வீட்டிலாவது துக்கமா?" என்றேன்.

"இல்லை அத்தை, அதுதான் ஃபாடோ."

விதி என்று பொருளாம், லத்தீன் வேர். தலையெழுத்து என்று ஒரு பாட்டுவகைக்கே பெயர் வைத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்த அழுகையின் நடுவே ஒரு சொல் எனக்குப் புரிந்துவிட்டது. 'ஜனெலா.'

"ஜன்னலா?"

"ஜன்னலேதான். நாம் இந்தப் போர்ச்சுகீசியர்களிடம் வாங்கியது."

இலக்கண வகுப்பில் திசைச்சொல் நடத்தும்போது ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, பீப்பாய், ஏலம் என்று வரிசையாக எழுதிப் போட்டவள் நான். அவை இன்னும் ஒரு வீட்டில் உயிரோடு புழங்குகின்றன என்பது காதில் விழும்வரை உறைக்கவில்லை.

நவம்பர் 8, மொராரியா, தூறல்

1147இல் போர்ச்சுகீசிய அரசர் லிஸ்பனைப் பிடித்த பிறகு, தோற்ற மூர்களை, அதாவது முஸ்லிம்களை, ஒதுக்கிக் குடிவைத்த சரிவு இது. பெயரே அதைச் சொல்கிறது. இன்றும் ஒதுங்க இடம் தேடி வருகிறவர்களின் பேட்டையாகத்தான் இருக்கிறது. பென்ஃபொர்மோசோ தெருவில் வங்கதேசத்துக்காரர்களின் மளிகைக் கடைகள். ஒன்றில் கறிவேப்பிலை கிடைத்தது. சிறு பொட்டலம் 1.50 யூரோ. ஊரில் காய்கறிக்காரம்மா சும்மா கிள்ளிப் போடுவது. என் முகம் போன போக்கைப் பார்த்த கடைக்காரர், ஒரு கொத்தைக் கூடுதலாக உள்ளே தள்ளினார். பக்கத்துத் தெருவில் வீட்டு மணிப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். கோமஸ், மிராந்தா, மச்சாது, ரொட்ரிகோ. தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில் பக்கத்து வாக்காளர் பட்டியலை யாரோ இங்கே ஒட்டிவைத்தது போல இருந்தது.

கப்பெலாவ் தெரு முனையில் பளிங்கில் செதுக்கிய ஒரு கிட்டார் நிற்கிறது. ஃபாடோவின் தொட்டில் இந்தப் பேட்டை என்று அதில் பொறித்திருக்கிறார்கள். மரியா செவெரா வாழ்ந்தது இந்தத் தெருவில். பிறந்தது 1820, இறந்தது 1846, காசநோய். வயது 26. உடலை விற்றுப் பிழைத்தவள், கிட்டாரோடு பாடியவள். விமியோசு பிரபு என்ற காளைச்சண்டைக்காரப் பெருமகன் அவள் பாட்டில் மயங்கினான், கொஞ்ச நாள் கூட வைத்திருந்தான், பிறகு இல்லை. அவளைப் பொதுக்குழியில் புதைத்தார்கள். 1901இல் அவள் கதை நாவலாகவும் நாடகமாகவும் வந்தது. போர்ச்சுகலின் முதல் பேசும் படமும், 1931இல், அவள் கதைதான். ஃபாடோ பாடும் பெண்கள் தோளில் போட்டுக்கொள்ளும் கறுப்புச் சால்வை அவளுக்கான துக்கம் என்கிறார்கள்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இதைப் பெருங்காதல் என்று இத்தனை பேர் உருகுகிறார்களே, அந்தப் பிரபுவுக்கு என்ன நஷ்டம்? குழி அவளுக்கு, கதாநாயகன் வேடம் அவனுக்கு. சொன்னேன். மருமகள் பதில் சொல்லாமல் சுவரில் அச்சிட்டிருந்த பழைய பாடகர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

வழியில் சுவரோடு ஒட்டிய ஒரு சின்னக் கடையில் 'ஜின்ஜா' குடித்தோம். புளிப்புச் செர்ரியைச் சாராயத்தில் ஊறவைத்தது. கட்டைவிரல் அளவுக் கோப்பை 1.50. "அவற்றோடா, அவை இல்லாமலா?" என்று கேட்பது வழக்கமாம். அவை என்றால் பழம். பழத்தோடு வாங்கினேன். கொட்டையை எங்கே துப்புவது என்று விழித்தபோது, கடைக்காரம்மா தன் வாயிலிருந்த கொட்டையைத் தெருவோரத்தில் துப்பிக் காட்டினார். நிம்மதியாக இருந்தது.

நவம்பர் 9, மியூசியம், பிறகு ஒரு பில்

ஃபாடோ மியூசியம் அல்ஃபாமாவின் அடிவாரத்தில் இருக்கிறது, 1998இல் திறந்தது. உள்ளே ஜோசே மல்யோவா 1910இல் வரைந்த ஓவியத்தின் முன் அரை மணி நேரம் நின்றேன். ஓர் ஆள் கிட்டார் வாசிக்கிறான். ஒரு பெண் உடை நெகிழ்ந்து, கையில் சிகரெட்டோடு அவனைப் பார்த்தபடி சாய்ந்திருக்கிறாள். ஓவியர் மாதிரிக்குப் பிடித்த இருவரும் மொராரியாக்காரர்கள். அவன் சிறைக்குப் போவதும் வருவதுமாக இருந்த ரவுடி. அவளைக் கத்திக்குத்து அடெலைட் என்றே அழைத்திருக்கிறார்கள், முகத்தில் இருந்த வடுவால். படத்தில் அந்த வடு என் கண்ணுக்கு அகப்படவில்லை. ஓவியர் மறைத்தாரா, அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாளா?

இரவு ஒரு ஃபாடோ சாப்பாட்டு விடுதிக்குப் போனோம். பெயர் வேண்டாம். உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ் காய், சின்னப் பாலாடைக்கட்டி எல்லாம் மேசைக்கு வந்தன. விருந்தோம்பல் என்று நினைத்து முழுவதையும் தின்று தீர்த்தேன். பில்லில் ஆளுக்கு 9 யூரோ ஏறியிருந்தது. வேண்டாம் என்று சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். மருமகள் சொல்ல மறந்துவிட்டாள். ஆக மொத்தம் இரண்டு பேருக்கு 112 யூரோ. நான் வீட்டு நினைவில் ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டேன். அதன் பிறகு மீன் இறங்கவில்லை. மீன் என்றா சொன்னேன்? அது 'பக்கல்யாவ்', உப்பிட்டுக் காயவைத்த காட் மீன். இந்தக் கடலில் பிடிபடாதது. நார்வேயிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் வருகிறது. வாசலில் கடலை வைத்துக்கொண்டு அடுத்த கடலின் கருவாட்டைத் தேசிய உணவாகக் கொண்டாடுகிற ஜனங்கள். ஆனால் முட்டையும் நூல் போன்ற உருளைக்கிழங்கு வறுவலும் சேர்த்துக் கிளறியிருந்தார்கள். முதல் மூன்று வாய் நன்றாகவே இருந்தது.

பாட்டு நேரத்தில் விளக்கை அணைத்தார்கள். பரிமாறுகிறவரும் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். ஃபாடோ பாடப்போகிறார்கள் என்றால் மௌனம். அது ஊர்ச் சட்டம். இரண்டு வாத்தியங்கள். ஒன்று நமக்குத் தெரிந்த சாதாரணக் கிட்டார். இவர்கள் அதை 'வியோலா' என்கிறார்கள். மற்றது போர்ச்சுகீசியக் கிட்டார்: பேரிக்காய் வடிவ உடம்பு, இரட்டை இரட்டையாகப் பன்னிரண்டு தந்திகள், தலையில் முறுக்காணிகள் விசிறி போல விரிந்திருக்கும். பாடுகிறவளுக்கு அது பதில் சொல்லிக்கொண்டே வருகிறது. அவள் மூச்சு வாங்கும் இடத்தில் அழுகிறது.

ஃபாடோவின் பெரும் பாடகி அமாலியா ரொட்ரிகஸ் தானே எழுதிய ஒரு பாட்டைப் பாடினார்கள். மருமகள் என் காதருகே பஸ் போர்டு படிப்பது போல ஏற்ற இறக்கமில்லாமல் பொருள் சொன்னாள். பாடுகிறவள் தன் இதயத்தோடு சண்டை போடுகிறாள். நீ என் சொல் கேட்காத இதயம். எங்கே போகிறாய் என்று உனக்கே தெரியாது, பிறகு ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறாய்? இனி நான் உன் கூட வரவில்லை.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் எதிர்பார்த்தது கைவிட்டுப் போனவன் மேல் வசவு. இவளோ தன்னைத்தான் கூண்டில் ஏற்றியிருக்கிறாள். சாட்சியும் அவளே, நீதிபதியும் அவளே. தண்டனையாகச் சொன்னது என்ன என்றால், இனி உன்னோடு பேச மாட்டேன் என்பது. அண்டை வீட்டுக்காரியிடம் சொல்லுகிற மாதிரி.

வெளியே காந்த வில்லைக் கடைகளில் 'சவுதாட்' என்ற சொல்லை 4 யூரோவுக்கு விற்கிறார்கள். மொழிபெயர்க்க முடியாத ஏக்கமாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டார்கள், நான் எழுதவில்லை. என் காதில் அடிக்கடி விழுந்தது வேறு சொல்: 'சியூம்'.

"பொறாமையா, சந்தேகமா?" என்று கேட்டேன்.

"இரண்டும் ஒன்றாக" என்றாள் மருமகள். சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

நவம்பர் 10, சாவுபெந்து தெரு, பிறகு ஒரு மதுக்கடை

அமாலியாவின் வீடு இப்போது மியூசியம். மஞ்சள் முகப்பு, உள்ளே நகைகளும் உடைகளும். சிறுமியாக இருந்தபோது துறைமுகத்தில் பழம் விற்றவள், பூத்தையல் செய்தவள். 1940இல் ஒரு கிட்டார்க்காரரைக் காதலித்து மணந்தாள்; சில வருடங்களில் முறிந்தது. 1999 அக்டோபரில் இறந்தபோது அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது, தேர்தல் பிரசாரம் நின்றது. 2001இல் அவள் உடலைத் தேசத்தின் பெரியவர்கள் துயிலும் பான்தியனுக்கு மாற்றினார்கள். பொதுக்குழியிலிருந்து பான்தியன்வரை இந்தப் பாட்டு வந்து சேர நூற்றைம்பது வருடம் ஆகியிருக்கிறது.

அவள் பாடிய 'கறுப்புப் படகு' என்ற பாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடற்கரையில் ஒருத்தி. காதலனின் படகு போய்விட்டது. திரும்பாது என்று ஊர்க் கிழவிகள் சொல்கிறார்கள். அவளோ, அவர்களுக்குப் பைத்தியம், அவன் என்னோடுதான் இருக்கிறான் என்கிறாள். நெய்தல் நடத்திய எவருக்கும் இந்தப் பெண்ணைத் தெரியும். ஆனால் அந்த மெட்டு முதலில் பிரேசிலில் வேறு பாட்டாக இருந்தது. எசமான் பிள்ளையைத் தாலாட்டும் ஒரு கறுப்பு அடிமைத் தாயின் பாட்டு. அவள் தாலாட்டும்போது அவள் சொந்தப் பிள்ளை சவுக்கடி வாங்குகிறது. சர்வாதிகாரி சலாசர் கால போர்ச்சுகலில் அதைப் பாட விடவில்லை. தாவிட் மொராவ் ஃபெரெய்ரா என்ற கவிஞர் காதல் வரிகளை எழுதிப் பொருத்தினார். 1955இல் ஒரு பிரெஞ்சுப் படத்தில் வந்து புகழ்பெற்றது. இப்போது அதைக் கேட்கும்போது எனக்குப் படகு மட்டும் தெரிவதில்லை.

இரவு, நேற்றைய பில்லுக்குப் பரிகாரமாக, மருமகள் தெரிந்த ஒரு மூலைமதுக்கடைக்குக் கூட்டிப்போனாள். இங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து பாடலாம். 'வாடியு', நாடோடி ஃபாடோ என்று பெயர். ஒயின் கோப்பை 2 யூரோ. பாடியவர்களில் ஒருவர் மீன் விற்பவர், ஒருவர் டாக்ஸி ஓட்டுபவர். நன்றாகப் பாடினால் "ஆ, ஃபாடிஸ்டா!" என்கிறார்கள். ஒரு பாட்டிக்கு "அழகான வாய்!" என்று ஒருவர் குரல் கொடுத்தார். பாட்டிக்கு அதில் பாதிப் பல் இல்லை, அவர் வெட்கப்பட்டார்.

ஒரு தொழில் ரகசியமும் இங்கேதான் தெரிந்தது. பழைய ஃபாடோ மெட்டுகளுக்குச் சொந்தமாக வரிகள் கிடையாது. மெனோர், கொரிடு, மொராரியா என்ற மூன்று மூல மெட்டுகள், அவற்றின் வழியில் வந்த இன்னும் பல. பாடுகிறவர் தன் மனசுக்குப் பிடித்த நாலடிச் செய்யுளை எடுத்து அதில் ஏற்றிக்கொள்கிறார். எங்கள் பக்கம் ஒப்பாரியும் அப்படித்தான். மெட்டு ஊருக்குச் சொந்தம், இழவு அவரவர் வீட்டுக்கு. அதனால் அதே மெட்டில் ஒருத்தி போனவனைச் சபிக்கிறாள், அடுத்தவள் தன்னைச் சபித்துக்கொள்கிறாள்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி மெனோர் மெட்டில் பாடினாள். கண்ணை மூடி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து. 'ஜனெலா' வந்தது. பிறகு 'ஷாவ்' என்று ஒரு சொல், இரண்டு முறை.

"சாவியா?" என்றேன் சந்தோஷமாக.

"ஆமாம், சாவி."

"சாவியை என்ன செய்கிறாள்?"

மருமகள் கோப்பையின் விளிம்பைத் துடைத்தாள். "இதை மொழிபெயர்க்க முடியாது அத்தை."

ஜன்னலும் சாவியும் உள்ள வரியை மொழிபெயர்க்க முடியாதா? எங்கள் ஊர்ச் சந்தையில் ஆறு வயதுப் பிள்ளை சொல்லும். நான் வற்புறுத்தவில்லை. பாட்டைக் கேட்டே கெட்டுப்போன ஒரு காதலை முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். புகார்க் கடற்கரையில் கோவலன் யாழ் மீட்டிப் பாடினான், மனசில் எவளோ இருக்கிறாள் என்று மாதவி நினைத்தாள். அவளும் யாழை வாங்கிப் பதிலுக்குப் பாடினாள், அவன் எழுந்து போய்விட்டான். பாட்டில் வந்தவர்கள் இருவருமே கற்பனை. பிரிவு மட்டும் நிஜம்.

நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள்

இன்றைக்கு வெயில் அடித்தே தீரும் என்றார்கள். மார்ட்டின் ஒரு பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியில் பாதியை வெட்டிக் கொடுத்தாராம். அதனால் அவர் நாளை ஒட்டி மூன்று நாள் கோடை என்று இங்கே நம்பிக்கை. மார்ட்டின் என்னை மறந்துவிட்டார். நாள் முழுக்க மழை, நனைந்த சால்வை, மாலையில் தும்மல். ஆனால் தெரு முனைகளில் வெண்புகையோடு வறுத்த செஸ்நட், ஒரு டஜன் 3 யூரோ. உப்புச் சாம்பல் பூத்து, உரித்தால் பனங்கிழங்கின் மணம் கொஞ்சம், சர்க்கரைவள்ளியின் மணம் கொஞ்சம். விற்றவர் பன்னிரண்டுக்குப் பதினான்கு எண்ணிப் போட்டார். அவற்றில் இரண்டு சொத்தை. கணக்கு நேர்.

பேராலயத்துக்கு அருகே அல்ஜூப் என்ற பழைய சிறை. சலாசர் காலத்து அரசியல் கைதிகளை அடைத்த இடம், இப்போது மியூசியம். மழைக்கு அதன் வாசலில் ஒதுங்கி நின்றபோது மருமகள் தன் போனில் ஒரு பாட்டைப் போட்டாள். அமாலியா 1962இல் பாடியது. வரிகள் அதே மொராவ் ஃபெரெய்ரா. கேட்டால் பிரிவுப் பாட்டு. உன்னை இரவில் கொண்டுபோனார்கள், வெகுதூரம். நீ அங்கே காற்றையாவது கேட்கிறாய், கடலையாவது கேட்கிறாய். பெனிஷ் கடற்கோட்டைச் சிறை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது, வானொலியில் தடை. ஆக, இந்தப் பாட்டில் காதலனைக் கொண்டுபோனது இன்னொருத்தி அல்ல, போலீஸ்.

"இந்த மாதிரிப் பிரிவு சுலபம்" என்றாள் மருமகள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சிறை சுலபமா?"

"சுலபம் என்று சொல்லக்கூடாதுதான். யார் மேல் தப்பு என்று தெரிந்துவிடுகிறதே அத்தை."

நவம்பர் 12, கொய்ம்பிரா, குளிர்

இரண்டு மணி நேர ரயில் பயணம். காய்ச்சல் இல்லை, இருமல் மட்டும்.

மொண்டேகு ஆற்றின் அக்கரையில் கண்ணீர்த் தோட்டம். 14ஆம் நூற்றாண்டில் இளவரசன் பெட்ரு, மனைவியின் தோழியாக வந்த இனேஷ் மேல் பித்துப்பிடித்தான். மனைவி இறந்த பிறகு வெளிப்படையாகவே சேர்ந்து வாழ்ந்தார்கள், பிள்ளைகள் பிறந்தன. அரசியலுக்குப் பயந்த அவன் தகப்பன் 1355 ஜனவரி 7ஆம் தேதி அவளைக் கொலைசெய்ய விட்டார். தோட்டத்தில் ஓர் ஊற்று இருக்கிறது; அடியில் கற்கள் சிவந்திருக்கின்றன. அவள் ரத்தம் என்பது கதை. ஒரு வகைப் பாசி என்பது விஷயம். பெட்ரு அரசனானதும் கொலைகாரர்களில் இருவரைப் பிடித்து, ஒருவனுக்கு மார்பு வழியாகவும் மற்றவனுக்கு முதுகு வழியாகவும் இதயத்தைப் பிடுங்க வைத்தான். அல்கொபாசா மடத்தில் இருவர் கல்லறையும் கால்மாடு எதிரெதிராக இருக்கின்றன. தீர்ப்பு நாளில் எழும்போது முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தான் என்கிறார்கள். அவளைக் கேட்டானா என்று யாரும் சொல்லவில்லை.

மாலையில் பழைய பேராலயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூடத்தில் கொய்ம்பிரா ஃபாடோ. இது வேறு ஜாதி. பல்கலைக்கழக மாணவர் மரபு, ஆண்களே பாடுவது, தோளில் கறுப்பு மேலங்கி. லிஸ்பன் பாட்டில் வாழ்ந்து கெட்டவர்கள். இதில் ஜன்னலுக்குக் கீழே நிற்கிற பையன்கள், இன்னும் கெடவே இல்லை. இரண்டாவது பாட்டு முடியும் நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசி சுரம் ஓய்ந்ததும் வெடித்துவிட்டது. கூனிக் குறுகினேன். பாடியவர் என்னை நோக்கி நெஞ்சில் கைவைத்துத் தலைவணங்கினார். பின்னாலேயே நாலைந்து பேர் தொண்டையைக் கனைத்தார்கள். கொய்ம்பிராவில் ஃபாடோவுக்குக் கை தட்டுவதில்லையாம். கனைத்துத்தான் பாராட்டுவது மரபு. அன்று இரவு அந்தக் கூடத்தில் என்னைவிடப் பெரிய ரசிகை இல்லை.

ரயிலுக்கு முக்கால் மணி முன்பே ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம். நடைமேடையில் காற்று ஊசியாகக் குத்தியது. சூடாகப் பால் காப்பி வாங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு மருமகள் சொன்னாள்:

"அவன் கெட்டவன் இல்லை அத்தை."

நான் காப்பியைப் பார்த்தேன்.

"அவன் வீட்டுச் சாவிக்கு ஒரு கள்ளச் சாவி செய்து வைத்திருந்தேன். அவன் வேலைக்குப் போன நேரத்தில் உள்ளே போவேன். அலமாரி, மேசை, குப்பைக்கூடை எல்லாம் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லையே என்று நிம்மதி வராது. நன்றாக ஒளித்திருக்கிறான் என்றுதான் தோன்றும். ஒரு நாள் சீக்கிரம் வந்துவிட்டான். நான் அவன் கட்டிலில் உட்கார்ந்து அவனுடைய பழைய கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தேன்."

"சத்தம் போட்டானா?"

"இல்லை. சமையலறைக்குப் போய் டீ போட்டான். இரண்டு கோப்பை. அதைத்தான் தாங்க முடியவில்லை." கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா அவனைத் திட்டும்போதெல்லாம் நான் பேசாமல் இருந்துவிட்டேன்" என்றாள்.

முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் பேசிய வாய். ஒரு வார்த்தை வரவில்லை. தொண்டை கட்டியிருந்தது நல்ல சாக்காகப் போயிற்று. என் சால்வையின் பாதியை அவள் மேல் போர்த்தினேன். ஈரம் இன்னும் காயவில்லை.

"அன்றைக்கு மதுக்கடையில் பாடினாளே, அந்த வரி என்ன?" என்று ரயில் விளக்கு தெரிந்த பிறகு கேட்டேன்.

"ஜன்னலை அவளே சாத்திக்கொண்டு, நீ ஏன் வரவில்லை என்று வெளியே நிற்கிறவனைக் கேட்கிறாள். சாவி அவள் மடியில் இருக்கிறது."

இவ்வளவுதான். மொழிபெயர்க்க முடியாதது ஒன்றும் அதில் இல்லை.

நவம்பர் 13, லிஸ்பன், வெயில்

மார்ட்டின் இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தார். கொடிகளில் எல்லாம் துணி. முட்டைக் கூழ் நிரப்பி மேலே கருக்கிய 'பாஸ்டெல்' மூன்று தின்றேன், ஒன்று 1.40, பட்டைப்பொடி தூவினால் இன்னும் நன்றாக இருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் தன் பட்டைப்பொடி டப்பாவைக் கேட்காமலே நீட்டினார்.

அண்ணன் போன் செய்தார். "அவளிடம் பேசினாயா?"

"அவள் பேசினாள்" என்றேன்.

"என்ன சொன்னாள்?"

"கருவாட்டை முட்டையோடு கிளறுகிறார்கள் அண்ணா, நன்றாக இருக்கிறது."

அவருக்குக் கோபம். வைத்துவிட்டார். அந்த வரனின் பெயரை நான் இந்த ஊரில் ஒரு முறைகூட உச்சரிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இரவு மருமகள் பாத்திரம் கழுவினாள், நான் துடைத்தேன். எதிர்வீட்டு ரேடியோவில் அமாலியா. நான் இறந்தால் நீ அழுவாய் என்று தெரிந்தால், அந்த ஒரு துளிக்காக மகிழ்ச்சியோடு என்னைச் சாக விடுவேன் என்கிற பாட்டு. வரிகள் அமாலியாவே எழுதியவை. 1984இல் புற்றுநோய்ப் பயத்தில், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு நியூயார்க் போய், ஹோட்டல் அறையில் ஃபிரெட் அஸ்டேரின் நடனப் படங்களாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, மனசு மாறி ஊர் திரும்பியவளும் அவள்தான். மருமகள் அதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பாட்டு அது பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தது.

நவம்பர் 14, புறப்பாடு

அவள் காலையிலேயே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. படியிறங்கும்போது சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "பூட்டிவிட்டுக் கீழே தபால் பெட்டியில் போட்டுவிடுங்கள் அத்தை. டாக்ஸி பத்து மணிக்கு." இரண்டு படி போய்த் திரும்பி, "இரண்டு சுற்று சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூட்டாது" என்றாள்.

இரண்டு சுற்று சுற்றினேன். இழுத்துப் பார்த்தேன். பெட்டியை ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு நாலு மாடி இறக்கினேன். பாதி வழியில் இரண்டாம் மாடிப் பாட்டி கதவைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கீழே தபால் பெட்டியின் வாயில் சாவியைப் போட்டேன். தகரத்தில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் குடை மேலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. வாசலில் மறுபடியும் மழை பிடித்திருந்தது.